கோடு பிசகினால் சரக்கு திரும்பும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரத்துக்குப் பேர் போன இடம். பருப்போ ஜவ்வரிசியோ, பாக்கெட்டாகி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் 890-ல் தொடங்கும் பார்கோடுதான் பேசும். ஜிஎஸ்1 இந்தியா வழங்கும் எண் அது.

பார்கோடின் வரலாறே அச்சுப் பிழையோடு பிணைந்தது. உட்லேண்டும் சில்வரும் 1952-ல் பெற்ற காப்புரிமையில் வட்ட வடிவமும் இருந்தது. 1972-ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் சின்சினாட்டி கடை ஒன்றில் வட்டத்தைச் சோதித்தது. அச்சில் மை இழுபட்டால் வட்டம் கெட்டுவிடும். ஐ.பி.எம். ஊழியர் ஜார்ஜ் லாரர் நேர்கோடுகளைத் தேர்ந்தார். கோட்டின் போக்கிலேயே மை இழுபட்டால் நீளம்தான் கூடும், அகலம் மாறாது. எண் ஒளிந்திருப்பது அகலத்தில்தானே! 1974 ஜூன் 26-ல் ஒஹாயோவின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக ஸ்கேன் ஆனது.

அந்தப் பிரச்சினை இன்று கணினிக்குள் வந்துவிட்டது. கோரல்டிராவில் செய்த பார்கோடை ஜேபெக் ஆக்கி போட்டோஷாப்பில் சுருக்கினால் கோட்டின் ஓரம் சாம்பல் நிறமாகிவிடும். மிக மெல்லிய கோட்டின் வழக்கமான அகலம் வெறும் 0.33 மி.மீ.தான்! பார்கோடு ஃபான்ட் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் கோடுகள் போய் எண்கள் நிற்கும்.

தீர்வு எளிது. ஃபான்டை கர்வ்ஸாக மாற்றி, வெக்டராகவே, கருப்பு மை ஒன்றில் மட்டும் அச்சுக்கு அனுப்ப வேண்டும். இருபுறமும் வெற்றிடம் விட வேண்டும். ஒரு பாக்கெட்டை ஸ்கேன் செய்து பார்த்த பிறகே மற்றதை அச்சடிப்பது நல்லது. பில் போடும் இடத்தில் படிக்காத கோட்டுக்கு நஷ்டம் வியாபாரிக்குத்தான்.