காட்சி கைமாறிய வரலாறு

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆந்திர எல்லையை நெருங்குமிடத்தில் உள்ள எளாவூர், தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் எல்லைப்புற ஊராகும். அண்டையில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தபின் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புக்கு வந்தோரின் மொழிகளும், அங்குள்ள எல்லைச் சோதனைச் சாவடியில் நிற்கும் லாரி ஓட்டுநர்களின் மொழிகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. இத்தகைய இடத்தில் ஒருவர் கைப்பேசியை நீட்டி மற்றொருவருக்குக் காட்டும் விநோத வீடியோ, பெரும்பாலும் சொல்லின் துணையின்றியே சிரிக்கவோ வியக்கவோ வைப்பதாக இருத்தல் இயல்பே. இப்பழக்கத்தின் பூர்வோத்தரத்தை ஆராயுமிடத்து, காட்சியின் சுவை ஏறக்குறைய அப்படியே நிற்க, அதைத் தேர்ந்து கொடுப்பவர் மட்டும் தலைமுறைதோறும் மாறிவந்துள்ளார் என்பது புலனாகும்.

1905ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், படம் காட்டி வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகப் பிரயாணம் செய்யலானார். சில நிமிஷங்களே ஓடிய அப்படங்கள் மௌனப் படங்களாதலின் மொழி குறுக்கே நிற்கவில்லை. தென்னாட்டைக் கடந்து வடக்கே பெஷாவர் வரையிலும் அவர் கூடாரம் சென்றது. எவ்வூரார் எதைக் காண்பது என்பது கூடாரத்துக்காரரின் சித்தமாக இருந்தது.

பின்னர் அவ்வதிகாரம் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பெட்டி உள்ள வீட்டில் தெருவே கூடி ‘ஒலியும் ஒளியும்’ திரைப்பாடல் நிகழ்ச்சி பார்த்த கதை வாசகர் அறிந்ததே. அடுத்து வந்த வீடியோ கேசட் கடைக்காரரைப் பற்றியும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இணைய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கண்டுகொள்ளாது விடுவதும், என் அபிப்பிராயத்தில் இவ்வளர்ச்சியின் நடுநாயகமாக விளங்குவதும், மெமரி கார்டின் காலமாகும். இணைய வசதி எளியோர்க்கு எட்டாதிருந்த அந்நாளில், ரீசார்ஜ் கடையில் சிறு தொகை கொடுத்தால், நகத்தளவான அட்டையில் பாட்டுக்களோடு கவுண்டமணி, வடிவேலு நகைச்சுவைத் துண்டுகளையும் ஏற்றிக் கொடுப்பர். அதனை நண்பருக்கு அனுப்பப் புளூடூத்தே பெரும்பாலும் வழியாதலால், இரு கைப்பேசிகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்க, உடையவர் இருவரும் அது சென்று சேரும்வரை பேசிக்கொண்டிருக்கவேண்டும். பகிர்தல் என்பது அன்று உடன் அமர்ந்திருத்தலையும் உட்கொண்டிருந்தது. தேர்ந்து கொடுப்பவர் முதன்முறையாக நம் நண்பருள் ஒருவரானதும் அப்போதே.

இணையத்திலோ, யூடியூபில் முதல் வீடியோ ஏறியது 2005 ஏப்ரல் 23 அன்று. மிருகக்காட்சிசாலையில் யானைகளின் முன் ஓர் இளைஞர் நின்று பேசும் 19 விநாடிக் காட்சி அது. ‘3’ என்ற படத்துக்காக அனிருத் இசையில் தனுஷ் பாடிய ‘கொலவெறி’ப் பாடல், ஒலிப்பதிவுக்கூடக் காட்சிகளுடன் 2011 நவம்பர் 16 அன்று வெளியாகி, தமிழறியாதாரும் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ உலகைச் சுற்றி வந்தது. ஆயினும் பாமரரின் கைப்பேசிக்கு வீடியோ தாராளமாக வந்துசேர்ந்தது, 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கி, டேட்டாவின் விலை வீழ்ந்த பின்னரே. வேடிக்கை சென்ற அதே வழியில் வதந்தியும் சென்று உயிர்களைப் பலிகொண்டமையால், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்பவொட்டாது வரம்பிட்டது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, சிறு வீடியோச் செயலியான டிக்டாக்குக்கு விதித்த இடைக்காலத் தடை அம்மாதத்திலேயே நீங்கிற்று. மத்திய அரசு 2020 ஜூன் 29 அன்று விதித்த தடையோ நிலைத்தது. இன்று பெரும்பாலும் தேர்ந்து கொடுப்பது ஒரு கணிப்பொறியின் கணக்கு. ஷிஃப்ட் முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கையில் சகதொழிலாளி நீட்டும் வீடியோவின் ரசனை அதற்கு இன்னும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

கூடாரச் சினிமாவைப் பற்றி நூல்கள் உள்ளன. மெமரி கார்டுக் காலத்துக்கோ இவ்வட்டாரத்தில் ஏடோ ஆவணமோ இருப்பதாக நான் அறியேன். எளாவூர், ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருக்களில் அந்நாளில் கார்டு ஏற்றிக் கொடுத்தவர்களைத் தேடிச் சென்று, எம்மொழியார் எதைக் கேட்டு வாங்கினர் என்பதை அவர்கள் நினைவில் உள்ளபோதே எழுதிவைக்குமாறு இவ்வட்டாரக் கல்லூரி மாணாக்கரை வேண்டுகிறேன்.