காலந்தாழ்ந்த கல்வி

வயது கடந்தபின் பாடநூலைத் தொட நாணுவோர் துர்க்காபாய் தேஷ்முக் அம்மையாரின் வரலாற்றை அறிதல் நன்று. 1909-இல் இராஜமுந்திரியில் பிறந்த அவர், ஆங்கிலவழிக் கல்வியை எதிர்த்து இளமையிலேயே பள்ளியைத் துறந்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தார். விடுதலைக்குப் பின்னரே காசிப் பல்கலைக்கழக மெட்ரிக்குலேஷன் தேர்வில் தேறினார். 1942-இல் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்றார்.

தாம் பட்ட பாட்டை அம்மையார் மறந்தாரல்லர். 1937-இல் சென்னையில் அவர் நிறுவிய ஆந்திர மகிளா சபை, அதே மெட்ரிக்குலேஷன் தேர்வுக்குப் பெண்களைப் பயிற்றியது. 1953-இல் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானார். படிப்பை இடையில் விட்ட பெண்கள் பல்லாண்டுப் பாடத்தைக் குறுகிய காலத்தில் கற்று, ஆசிரியராகவும் செவிலியராகவும் பயிற்சி பெற வழிசெய்யும் திட்டத்தை வாரியம் 1958-இல் தொடங்கியது.

நம் இல்லங்களிலும் படிப்பைப் பாதியில் விட்ட தாய்மாரும் தமக்கையரும் உளர். அவர்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் ஒதுக்கித் தருதல் நம் கடனன்றோ?