குடிநீர் இரும்புக் குழாய்கள்: ஓசூர்–கிருஷ்ணகிரி

நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியுடன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தால் அமைக்கப்பட்டு 2013இல் தொடங்கப்பட்டது. ஓசூரும் இதில் பயன்பெறுகிறது.

இத்தகைய திட்டங்களில் மேட்டுநிலத்துக்கு நீரேற்றும்போது, குழாய்த் தேர்வில் அழுத்தமே முதல் அளவுகோல். பம்பு திடீரென நின்றால் எழும் அழுத்த அதிர்ச்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டி.ஐ. (டக்டைல் இரும்பு) குழாய்க்கு ஐ.எஸ். 8329, இணைப்புகளுக்கு ஐ.எஸ். 9523, ஸ்லூயிஸ் வால்வுக்கு ஐ.எஸ். 14846, தீயணைப்பு ஹைட்ரண்டுக்கு ஐ.எஸ். 908 ஆகியவை இந்தியத் தரங்கள். குழாய்ச் சுவரின் தடிமன் வகைகளில் கே7ஐவிடக் கே9 தடிமனானது. உட்புறச் சிமெண்ட் பூச்சு துருவைத் தடுக்கும். மேடுகளில் காற்று வால்வும், பள்ளங்களில் வண்டலை வெளியேற்றும் ஸ்கவர் வால்வும், வளைவுகளில் கான்கிரீட் தாங்குகட்டையும் அவசியம்.