நாலிலைக்கு ஒரு பெயர்

இலங்கையின் தெமோதரையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், பழைய கணக்குக் கொப்பி ஒன்றின் தாள்களுக்கிடையே அந்த இலை இருந்தது. ஒரே காம்பின் நுனியில் நான்கு சிற்றிலைகள். பச்சை போய்ப் பழுப்பேறியிருந்தது. “வெள்ளக்காரத் தொரை அதிர்ஷ்டத்துக்கு வச்சிருந்த இலைன்னு அப்பா சொல்லுவாருங்க” என்றார் வீட்டுக்காரர். இலையருகில் ஊரோ தேதியோ பெயரோ எழுதப்படவில்லை. அந்தப் பெயரைத் தேடத் தொடங்கினேன்.

நாலிலைக் குளோவர் கிடைத்தால் நல்லது நடக்கும் என்பது ஐரோப்பிய நம்பிக்கை. 1620இல் ஜான் மெல்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலிலேயே அது பதிவாகியிருக்கிறது. குளோவருக்கு இயல்பாக மூன்று சிற்றிலைகள்தாம். நான்கு அமைவது ஆயிரக்கணக்கில் ஒன்று. நுவரெலியாவின் குளிர்ந்த புல்வெளிகளில் வெள்ளைக் குளோவர் வளர்வதால், துரையின் கதையை உடனே தள்ளிவிட முடியவில்லை.

இலையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். குளோவர் சிற்றிலையில் நடுநரம்பு உண்டு, விளிம்பில் நுண்ணிய பற்கள் உண்டு. இதில் இரண்டும் இல்லை. நரம்புகள் அடியிலிருந்து விசிறிபோல் விரிந்திருந்தன. தேயிலைச் செடிகளுக்கிடையே இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் புளியாரை வகையோ என்றால், அதன் சிற்றிலைகள் இதய வடிவம், எண்ணிக்கையும் மூன்று. என் முன்னிருந்தவை நான்கு ஆப்புகள்போல் இருந்தன.

அடுத்து அகராதி. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ‘ஆரை’ என்ற சொல்லின் கீழ் நாலிலை நீர்த்தாவரம் ஒன்று இருக்கிறது, தாவரவியல் பெயரோடு: மார்சிலியா. இத்தாலிய அறிஞர் மார்சிலியின் நினைவாக வந்த பெயர் அது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதன் ஐரோப்பியச் சிற்றினத்துக்கு ‘நாலிலை’ என்றே பொருள்படும் பெயரிட்டார். நம் வயல்களில் மிகுதியாக உள்ள சிற்றினத்துக்கு 1771இல் பெயர் வைத்தார். ஆரை பூக்காத செடி, பெரணிக் குடும்பம். இளந்தளிர் சுருண்டு எழும். காம்படியில் மிளகளவு வித்துப்பைகள் இருக்கும். காய்ந்த சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் நீர் பட்டால் முளைக்கும்.

மறுநாள் பள்ளத்து வயலோரம் இறங்கினேன். வாய்க்கால் சேற்றில் நாலிலைகள் பாய் விரித்ததுபோல் கிடந்தன. “இது என்ன அம்மாயி?” என்று கீரை பறித்துக்கொண்டிருந்த மூதாட்டியைக் கேட்டேன். “ஆரைக்கீரை தம்பி. பருப்புப் போட்டுக் கடைஞ்சா நல்லாருக்கும். பொழுது சாஞ்சா எல மடிச்சுக்கும்” என்றார். கையிலிருந்த காய்ந்த இலையைச் சேற்றிலிருந்த இலையோடு வைத்துப் பார்த்தேன். விசிறி நரம்புகள் ஒத்துப்போயின.

இம்மலைகளுக்குத் தோட்ட வேலைக்கு வந்தவர்களில் பலர் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரத்து வயல்வெளிகளிலிருந்து வந்தவர்கள். ஆரையை அறிந்தவர்கள். இலங்கைப் பள்ளிக் கணக்கில் வட்டத்தின் மையத்திலிருந்து பரிதிவரை உள்ள நீளத்துக்கும் ஆரை என்றே பெயர். அந்தக் கொப்பியிலும் அச்சொல் இருந்தது. மையத்திலிருந்து நாற்புறமும் விரியும் இலையின் பெயரும் அதுவே.

ஆகவே என் முடிவு: கொப்பியில் இருந்தது குளோவர் அன்று, ஆரைக்கீரை. ஆரைக்கு நான்கு என்பது அதிர்ஷ்டம் அல்ல, இயல்பு. பெயர் எழுதாமல் விட்டதால்தான் வயலோரத்துக் கீரை துரையின் இலையாகிவிட்டது.

எழுதி வைத்தவரும் உண்டு. 1670களில் இலங்கையில் செடிகள் சேகரித்த பவுல் ஹெர்மன் அவற்றின் சிங்களப் பெயர்களையும் குறித்துவைத்தார். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, அந்தச் சேகரிப்பைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். நீங்களும் ஓர் இலையைப் புத்தகத்தில் வைத்தால், பக்கத்தில் ஊரையும் தேதியையும் உங்கள் வீட்டில் வழங்கும் பெயரையும் எழுதி வையுங்கள்.