ஒரு வெள்ளியும் ஒரு நூலகமும்

பொருள் தேடிப் பிறநாடு சென்றோர், விட்டு வந்த ஊரை மறவாது உதவுதல் உலகெங்கும் காணும் வழக்கமே. அமெரிக்கப் பண்ணைகளுக்கு வேலைக்குச் சென்ற மெக்சிகோ நாட்டார், தம்முள் பணம் திரட்டிச் சொந்த ஊருக்கு மருத்துவ வண்டி வாங்கி அனுப்பியதுண்டு. மலாயாத் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றில் இவ்வழக்கம் ஒரு திருப்பம் கண்டது. ஊருக்குப் போன காசு, வாழ வந்த நாட்டின் கல்விக்கும் வழங்கப்பட்ட திருப்பமே அது.

1909-இல் ஜொகூர் இருப்புப் பாதை நிறைவுற்றது. ரெங்கம் வட்டாரத்திலும் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பால்மரம் சீவ வந்தோரில் தமிழர் பலர். 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பற் செலவை ஏற்றது. கங்காணி ஊருக்குச் சென்று உற்றாரையும் அறிந்தாரையும் அழைத்து வந்தார். சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பிவிடலாம் என்பதே வந்தவர் பலரின் எண்ணம். முதலாளிகளின் எண்ணமும் அதுவே. ரப்பர் விலை ஏறினால் ஆள் வரும். இறங்கினால் ஆள் போகும். 1930-ஐ அடுத்த மந்த காலத்தில் பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். நிலையில்லாத இடத்தில் யார் கொடை செய்வார்? மிச்சம் பிடித்த காசு மணியார்டராய் ஊருக்குச் சென்றதில் வியப்பில்லை.

1938-இல் தோட்டக் கூலிகளுக்கான குடிபெயர்வை இந்திய அரசு தடுத்தது. பின்னர்ப் போர் வந்தது. போர் முடிந்தபோது லயங்களில் இம்மண்ணிலேயே பிறந்த தலைமுறை வளர்ந்து நின்றது. தோட்டப் பள்ளிகளோ பெரும்பாலும் தொடக்கக் கல்வியோடு நின்றன. அதற்கு மேல் ஏறத் தமிழுக்குப் படி இல்லை.

1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கு இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அதில் முதன்மை பெறுவது வடமொழியா, தமிழா என்னும் வினா பிறந்தது. ஆலோசனை கூற வந்த வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் வடமொழியின்பால் நின்றார். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, இந்நாட்டு இந்தியருள் பெரும்பாலோர் தமிழரே என்று காட்டித் தமிழுக்காக வாதாடினார். தமிழே வென்றது, 1956-இல் துறை மலர்ந்தது. வாதத்தோடு அவர் நிற்கவில்லை. துறையின் நூலகத்திற்கு நூல்கள் வேண்டுமென்று, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி என்பது கோரிக்கை.

தோட்டத் தொழிலாளர் காசே துறையைத் தோற்றுவித்தது என்பாரும் உளர். அது மிகை. துறை பல்கலைக்கழகத்தினது, மக்கள் நிதி நூலகத்திற்குரியது. வணிகரும் அலுவலரும் ஆசிரியரும் அதில் பங்கு கொண்டனர். ஆயினும் தொழிலாளி தந்த வெள்ளிக்குத் தனிப் பொருள் உண்டு. அன்று அவருக்கு அது சிறு தொகையன்று. அந்நூலகத்தின் வாயிலை அவர் மிதித்திருக்கவும் மாட்டார். அங்குள்ள நூல் அவர் கைக்கு வரப்போவதுமில்லை. தம் பேரப்பிள்ளை இந்நாட்டில் இருப்பான், படிப்பான் என்று நம்பியவரே அவ்வெள்ளியைத் தர இயலும். 'திரும்பிப் போவோம்' என்ற பழைய எண்ணத்திற்கு அவர் தந்த மறுமொழி அது.

1959-இல் துறை கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. 1961-இல் தனிநாயக அடிகளார் தலைமை ஏற்றார். 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அந்நகரிலேயே கூடியது.

இன்று ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் எண்ணெய்ப்பனை நிற்கிறது. தமிழர் பலர் நகரம் சென்றுவிட்டனர். தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வருகின்றனர். பள்ளிக்குக் கணினி வேண்டுமென்று கேட்டால், வெளியூரில் வேலை செய்யும் பழைய மாணவர் கைகொடுக்கின்றனர். பழைய வழக்கம் மடியவில்லை. ஆனால் முன்னோர் கொடுத்த செய்தியை அவர்கள் அறியார். அன்று வெள்ளி தந்தவர் பெயர்களை அவர்தம் மக்களும் மறந்து வருகின்றனர். ஆசிரியர்களே, உங்கள் ஊர் முதியோரை இவ்வாண்டே கேளுங்கள். சொன்னதை எழுதி வையுங்கள். கேட்பாரின்றிப் போனால் இவ்வரலாறு தலைவர் ஒருவரின் வரலாறாய் மட்டுமே எஞ்சும்.