நூறு மீட்டரும் நாற்பது வீடும்



மஹல்லாவுக்கு அருகே டாஸ்மாக் கடை வரப்போகிறது என்று செய்தி பரவினால் நம் ஜமாஅத்தார் முதலில் தேடுவது அளவு நாடாவை. 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற ஊர்களில் 100 மீட்டர். கொடுமுடி பேரூராட்சி, ஆகவே நமக்கு நூறு. அளந்து, மனுக் கொடுத்து, கடை தள்ளிப்போய்விட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று கலைந்துவிடுகிறோம். தள்ளிப்போன கடை யாருடைய வாசலில் போய் நின்றது என்று விசாரிப்பவர் அரிது.

மதுக்கடை எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் யார் என்ற கேள்விக்கு இந்தக் கொங்கு மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. அதை அறிந்தால் இந்த நூறு மீட்டரின் பெறுமானமும் விளங்கும்.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்துக்கு 1886இல் அப்காரிச் சட்டம் வந்தது. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஏலம் விடப்பட்டன. மிகுந்த தொகை கேட்டவருக்குக் கடை. அரசு வருவாயில் கணிசமான பகுதி இதிலிருந்து வந்தது. வருவாய்க்காக நடத்தப்பட்ட ஏற்பாட்டில் ஊராரின் விருப்பத்துக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொடுமுடி அன்று கோவை மாவட்டத்து ஈரோடு வட்டத்தில் இருந்தது.

1921இல் ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் ஒன்றாக நடந்த வேளையில், ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் தொடங்கியது. முன்னின்றவர் ஈ.வெ. ராமசாமி. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் ஈரோடு நகராட்சியின் தலைவராக இருந்தார். நகராட்சிக்குத் தலைமை தாங்கியவரே ஒரு கள்ளுக்கடையை நிறுத்துவதற்குத் தெருவில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். கடை, அரசின் கலால் துறைக்கு உட்பட்டது. நகரமன்றத்தின் கையில் இல்லை. அவர் கைதானபின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை நடத்தினார்கள். பெண்கள் கடைவாசலில் நின்றபோது இயக்கத்தின் பலம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அதே காலத்தில் தமக்குச் சொந்தமான தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை அவர் வெட்டச் செய்ததையும் வரலாறு போற்றிச் சொல்கிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. படை புறப்படும்போது கூடக் கனிதரும் மரங்களை வெட்டாதீர்கள் என்று உத்தரவிட்ட அபூபக்கர் (ரலி) அவர்களின் வழிவந்தவர்கள் நாம். கள் இறக்குவதை நிறுத்தியிருந்தால் போதும். தென்னை என்ன செய்யும்?

1937இல் ராஜாஜியின் அமைச்சரவை பொறுப்பேற்றது. கிலாபத் காலத்தில் கோழிக்கோட்டில் கைதான யாகூப் ஹசன் சாஹிப் அதில் பொதுப்பணித் துறை அமைச்சர். அந்த அரசு இயற்றிய மதுவிலக்குச் சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. ஈரோட்டில் காவிரிப் பாலத்தைக் கடந்தால் பள்ளிபாளையம். அன்று அது சேலம் மாவட்டத்துத் திருச்செங்கோடு வட்டம். ஆற்றின் அக்கரையில் கள் குற்றம், இக்கரையில் அது ஏலப்பொருள். ஒரே ஆற்றின் தண்ணீரைக் குடித்த இரு ஊராரில் யாருக்கு மதுக்கடை, யாருக்கு இல்லை என்பதை மாவட்ட எல்லைக்கோடு தீர்மானித்தது. மதுவிலக்கு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்து, இடையில் தளர்ந்து, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் அமலுக்கு வந்தது.

இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் ராஜாஜி அரசு விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பிறகு மது திரும்பியது, வரி போகவில்லை. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டும் வந்தது, 1981இல் மறுபடியும் விலகியது. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவப்பட்டு, 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்குச் சென்றன. அப்போது வகுக்கப்பட்டவைதாம் மேலே சொன்ன 50, 100 மீட்டர் விதிகள். அவை 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழேயே இயற்றப்பட்டவை. மதுவை விலக்குவதற்காகப் பிறந்த சட்டம், திருத்தங்களோடு, இன்று மது விற்க இடம் குறிக்கிறது.

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, இருபதாயிரமும் அதற்குக் குறைவும் மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. மறுநாள் தமிழ்நாட்டில் 3,300க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நல்ல தீர்ப்பு என்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் அந்தக் கடைகளுக்கு வேறு இடம் தேடப்பட்டது. நெடுஞ்சாலையை விட்டவை குடியிருப்புகளுக்குள் நுழைய முயன்றன. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் 2017 ஏப்ரல் 11 அன்று பெண்கள் சாலையை மறித்தார்கள். அங்கே ஒரு காவல்துறை அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அதுவும் அளவு நாடாவின் கதைதான். ஓரிடத்திலிருந்து அளந்து விரட்டியது இன்னோர் இடத்தில் இறங்குகிறது. எதிர்க்கக் குரல் இல்லாத காலனியில் அது எளிதாக இறங்குகிறது.

மதுவைக் குறித்துச் சபிக்கப்பட்டவர்கள் பத்துப் பேர் என்ற ஹதீஸை மக்தபில் குழந்தைகளுக்கும் சொல்லித் தருகிறோம். திர்மிதீ, இப்னு மாஜா ஆகியவற்றில் பதிவானது. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று அந்தப் பட்டியல் நீளும். குடிப்பவர் அதில் ஒருவர் மட்டுமே. நாம் குடிப்பதில்லை என்பதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிட்டது என்று எண்ணுவோருக்கு இந்தப் பட்டியலே மறுப்பு. சாலையோரக் கட்டடத்தைக் கடைக்கோ பாருக்கோ வாடகைக்கு விட்டு, வாடகைதானே என்று சொல்பவர் நம்மிலும் இருந்தால், அவர் தம் பெயரைக் கிரயத்தை உண்பவர் என்ற இடத்தில் வைத்துப் பார்க்கட்டும். வாடகை அதிகம் என்பது உண்மைதான். அதிகம் தருவதன் காரணத்தையும் அவர் அறிவார்.

அண்டை வீட்டார் என்பவர் எதுவரை என்று ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டது. முன்னே நாற்பது வீடு, பின்னே நாற்பது, வலப்பக்கம் நாற்பது, இடப்பக்கம் நாற்பது என்ற கருத்தில் அவர்கள் விடையளித்ததை இமாம் புகாரீ (ரஹ்) தமது அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்துள்ளார்கள். நம் ஊர்த் தெருவில் ஒரு வீட்டின் முகப்பு இருபது அடி என்று வைத்துக்கொண்டால் நாற்பது வீடு எண்ணூறு அடி. ஏறத்தாழ 244 மீட்டர். அரசாங்கம் நமக்குக் கொடுத்த நூறு மீட்டர் முடிந்த பிறகும் நம் அண்டை வீட்டார் முடிவதில்லை. அந்த வீடுகளில் இருப்பவர் முஸ்லிமா இல்லையா என்பதை அந்தக் கணக்கு கேட்கவுமில்லை.

கடைக்கு இடம் ஒப்புவதில் இறுதி அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடமும் மதுவிலக்குத் துறையிடமும் இருக்கிறது. உள்ளாட்சி தன் கருத்தைத் தீர்மானமாக எழுதலாம். கேரளத்தில் உள்ளாட்சிகளுக்கு இதில் ஓர் அதிகாரம் தரப்பட்டிருந்தது. 2017இல் அதையும் அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. மஹாராஷ்டிரத்தில் பெண்கள் கோரினால் வாக்கெடுப்பு நடத்தும் முறை உண்டு. வாக்குச்சீட்டில் இரண்டு சின்னங்கள்: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். படுத்த பாட்டிலுக்குப் பெரும்பான்மை கிடைத்தால் கடைக்குப் பூட்டு. எழுத்தறியாத மூதாட்டியும் தன் தெருவின் விதியை முத்திரையிட்டுச் சொல்ல முடிந்தது.

இங்கே அப்படியொரு சீட்டு இல்லை. கிராம சபை இருக்கிறது. கொடுமுடி பேரூராட்சிக்கு அது கிடையாது. பேரூராட்சிக் கூட்டத்தில் வார்டு உறுப்பினர் வழியாகவே பேச வேண்டும். ஆனால் சுற்றிலும் உள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்துள்ளன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அமரலாம், பேசலாம், மதுக்கடை வேண்டாம் என்ற தீர்மானத்தை முன்மொழியலாம். வந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள். கடந்த கூட்டங்களின் பதிவேட்டில் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்களின், குறிப்பாக நம் வீட்டுப் பெண்களின் கையெழுத்து எத்தனை என்று ஊராட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.