இமையில்லா உயிரின் இளைப்பாறல்

கல்முனைக் கரையிலே கச்சான் காற்று வீசும் காலத்தில், லுகர் தொழுகை முடித்து வீடு திரும்பியவர் திண்ணையிற் பாய் விரித்துச் சற்றே தலைசாய்ப்பது பழைய வழக்கம். அவ்வேளையிற் சம்மாந்துறை வயலோரத்து எருமையும் சேற்றுக் குழியிற் கிடந்து கண்களை மூடும். கண்மூடுதலையே உறக்கத்தின் அடையாளமாகக் கொள்ளுதல் மனித இயல்பு. ஆனால், மூடுவதற்கு இமையே இல்லாத நீர்வாழ் உயிர் எங்ஙனம் இளைப்பாறுகின்றது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு கீழ் மாகாணத்துக் குளங்களையும் தொட்டுச் செல்கின்றது. கடல் கடந்து மெக்சிக்கோ நாட்டையும் சென்றடைகின்றது.

சேர் ஜேம்ஸ் எமெர்சன் ரெனன்ட் என்பார் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில், வரண்ட குளங்களின் அடியிலே மீன்கள் புதைந்து கிடக்கும் செய்தியைக் குறித்துள்ளார். கீழ் மாகாணத்தில் அக்காலத்திற் கடமையாற்றிய உத்தியோகத்தர் ஒருவர், கொட்டியாரத்துக்கு அண்மையிலும் வெருகல் ஆற்றோரத்திலும் மக்கள் குளத்துக் களிமண்ணை வெட்டி மீன் எடுப்பதைத் தற்செயலாகக் கண்டார். மண்கட்டி உடைந்தபோது, 9 முதல் 12 அங்குலம் வரை நீளமுள்ள மீன்கள் உயிருடன் வெளிப்பட்டு வெயிலிலே துள்ளினவாம். இக்கரையின் விரால் மீனும் அவ்வாறே ஈரச்சேற்றில் அடங்கிக் கோடையைக் கழிக்க வல்லது. குளம் வற்றுவதும் மாரியில் நிரம்புவதும் இந்நாட்டின் நியதி. அந்நியதிக்கேற்பவே இங்குள்ள உயிர்களின் ஓய்வும் அமைந்தது.

இதற்கு நேர்மாறான வாழ்வுடையது அக்சலோட்டல் என்னும் உயிர். மெக்சிக்கோ நகருக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்தில், அதாவது நுவரெலியாவினும் உயர்ந்த இடத்தில், சொச்சிமில்கோ ஏரி பரந்திருந்தது. குளிர்ந்த ஊற்றுக்களால் ஊட்டப்பெற்ற அவ்வேரி வற்றுதல் அறியாதது. தவளையின் இனத்துக்கு உறவான இவ்வுயிர் அந்நீரை விட்டு வெளியேற வேண்டிய தேவையே எழவில்லை. தவளை தன் வாற்பேத்தைப் பருவத்தைக் கடந்து தரைக்கு ஏறுகின்றது; அக்சலோட்டலோ இளம்பருவ உருவத்தோடு, தலையின் இருமருங்கும் மும்மூன்று பூக்களைத் தாங்கியவாறே முதிர்ச்சியடைந்து முட்டையும் இடுகின்றது.

அசுத்தேக்கு மக்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். அவர்களுடைய மொழியில் நீரைக் குறிக்கும் சொல்லும் சொலொட்டில் என்னும் தெய்வத்தின் பெயரும் இணைந்தே இப்பெயர் பிறந்தது. பலியாவதற்கு அஞ்சிய அத்தெய்வம் சோளப் பயிராகவும் கற்றாழையாகவும் உருமாறித் தப்பியோடி, இறுதியில் நீருட் புகுந்து அக்சலோட்டலாகி, அங்கே பிடிபட்டது என்பது அவர்தம் பழங்கதை. 16 ஆம் நூற்றாண்டிலே சகாகூன் என்னும் இசுப்பானியத் துறவி அம்மக்களின் வாய்மொழிகளைத் திரட்டியபோது, இவ்வுயிர் உண்பதற்கு உகந்தது என்ற செய்தியும் அதில் இடம்பெற்றது.

ஐரோப்பாவுக்கு இது ஒரு புதிராகவே சென்றது. 1804 ஆம் ஆண்டில் அம்போல்ற்று என்னும் அறிஞர் கொண்டுசென்ற உடல்களை ஆராய்ந்த குவியே, இவை முழுவளர்ச்சி பெறாத இளம் பருவத்தனவாகவே இருத்தல் வேண்டும் எனக் கருதினார். 1864 ஆம் ஆண்டில் 34 அக்சலோட்டல்கள் உயிரோடு பாரிசு நகரை அடைந்தன. அவற்றுள் ஆறினைப் பெற்று வளர்த்த ஒகுசுத்து துமெரில், 1865 ஆம் ஆண்டில் அவை முட்டையிடக் கண்டார். ஆனால், பிறந்த குஞ்சுகளுட் சில அவ்வாண்டிலேயே பூக்களை இழந்து தரைவாழ் உயிராக மாறியபோது, துமெரில் பெரிதும் வியப்புற்றார். இன்று ஆய்வுகூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் வாழும் அக்சலோட்டல்களுட் பெரும்பாலானவை பாரிசு சேர்ந்த அக்கூட்டத்தின் வழிவந்தவையே.

இம்மாற்றத்தின் காரணம் பின்னரே துலங்கியது. 1920 ஆம் ஆண்டில் யூலியன் அக்சிலி அக்சலோட்டல்களுக்கு மாட்டின் தைரொயிட்டுச் சுரப்பியை உணவாகக் கொடுத்து, அவற்றைத் தரைவாழ் உயிராக மாற்றிக் காட்டினார். அங்ஙனம் மாறும்போது பூக்கள் சுருங்கி மறைகின்றன, தோல் தடிக்கின்றது, அதுவரை இல்லாத இமைகள் கண்களிலே தோன்றுகின்றன. இமை என்பது உறக்கத்துக்காக வாய்த்த போர்வை என்று எண்ணுதல் இயல்பு. உண்மையில் அது காற்றிலும் தூசியிலும் கண் உலராது காக்கும் கருவி. நீரிலேயே வாழும் உயிருக்கு அக்கருவி தேவையன்று.

எனவே, உறக்கத்தை அறிவதற்குக் கண்மூடுதல் தகுந்த சான்று ஆகாது. பிரான்சு நாட்டு அறிஞர் ஆன்றி பியெரோன் 1913 ஆம் ஆண்டில் உறக்கம் பற்றி வெளியிட்ட நூல், விலங்கின் நடத்தையைக் கொண்டே உறக்கத்தை இனங்காணும் வழியைத் திறந்தது. உடல் அசைவற்றிருத்தல், புறத்தூண்டலுக்கு விரைவில் இணங்காமை, தூண்டல் வலுத்தபோது மீண்டும் விழித்தல் ஆகியன அதன் குறிகள். பகற்பொழுதில் தொட்டியின் அடியிலே, கல்லிடுக்கிலோ மட்பாண்டத்தின் நிழலிலோ அக்சலோட்டல் நெடுநேரம் அசையாது கிடக்கும். பூக்களின் அசைவும் அருகும். எப்போதேனும் மேலெழுந்து ஒரு மிடறு காற்றை வாங்கி மீண்டும் அடியிற் படியும். இருள் சூழ்ந்த பின்னரே புழுவையும் சிறு மீனையும் தேடிப் புறப்படும்.

இவ்வரலாற்றை அறியாது வளர்ப்போரிடம் அவ்வுயிர் படும் துன்பம் பெரிது. அசையாது கிடப்பதைக் கண்டு நோயென்று மயங்கிக் கோலாற் சீண்டுவோர் உளர். அழகுக்கென்று தொட்டியின்மேல் இரவும் பகலும் விளக்கெரிப்போரும் உளர். ஒளி மிகுந்தால் கண்ணை மூடிக்கொள்ள அதனால் இயலாது, ஒளிந்துகொள்ளவே இயலும். ஒளியுமிடமும் இல்லையெனின் அதற்கு ஓய்வே இல்லை. 16 முதல் 18 பாகை வரையுள்ள குளிர்நீரே அதற்கு உகந்தது. 24 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது நோய்ப்படும். நண்பகலில் 30 பாகையை எட்டும் கல்முனைக் கரையிலே, கண்ணாடித் தொட்டியில் அது அசையாதிருப்பின், அஃது உறக்கமாகவும் இருக்கலாம். உயிர் தளர்தலாகவும் இருக்கலாம். ஒருவன் தன் வீட்டு நிழலில் நிம்மதியாகத் துயிலும் அதே வேளையில், அவன் விலைகொடுத்து வாங்கிய உயிர் அருகிலேயே வெந்து வாடுதல் நீதியாகுமா என்பது சிந்திக்கத்தக்கது.

அதன் தாயகத்திலும் அமைதி குலைந்துவிட்டது. 1521 ஆம் ஆண்டில் அசுத்தேக்குத் தலைநகரைக் கைப்பற்றிய இசுப்பானியர், பின்னர் அவ்வேரிகளை வடித்து வெளியேற்ற முற்பட்டனர். 1607 ஆம் ஆண்டில் தொடங்கிய வடிகால் வேலை, 1900 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட பெருங்கால்வாயில் வந்து முடிந்தது. அதன்பின் சொச்சிமில்கோவின் ஊற்றுநீரும் குழாய் வழியே நகருக்குச் சென்றது. எஞ்சியவை வாய்க்கால்களும் அவற்றிடையே மிதப்பனபோற் காணப்படும் பயிர்த்திடல்களுமே. இலங்கைக் குளங்களுக்கு 1952 ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த திலாப்பியா, ஏழைகளின் உணவாயிற்று. ஆனால் சொச்சிமில்கோவில் விடப்பட்ட திலாப்பியாவும் கெண்டையும் அக்சலோட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டு பெருகின. ஒரு சதுரக் கிலோமீற்றருக்கு 1998 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6,000 எனக் கணக்கிடப்பட்ட தொகை, 2014 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 36 ஆகக் குறைந்தது. உலகெங்கும் தொட்டிகளில் ஏராளமாக வாழும் உயிர், தான் பிறந்த நீரிலே அருகிவிட்டமை வியப்புக்கும் துயரத்துக்கும் உரியது.

ஆயினும் நம்பிக்கை முற்றாக அற்றுவிடவில்லை. அவ்வூர் விவசாயிகள் சிலர், மெக்சிக்கோத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளரோடு கைகோத்து, தம் பயிர்த்திடல்களுக்கு இடையேயுள்ள சிறு வாய்க்கால்களின் வாயிலே தடுப்புகளை அமைத்து வருகின்றனர். அன்னிய மீன்கள் உட்புகாமலும் நீர் தெளிந்து வரவும் அவை உதவுகின்றன. நஞ்சு தெளியாத உழவும் அதற்குத் துணையாகின்றது.

பட்டிப்பளை ஆற்றின் நீரால் வாழும் இக்கரை மக்களுக்கு இச்செய்தி அன்னியமானதன்று. வயலுக்கும் வாய்க்காலுக்கும் உள்ள உறவை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். வரண்ட குளத்தின் சேற்றிலே விரால் மாரியை எதிர்பார்த்துக் கிடக்கின்றது. வற்றாத நீரின் அடியிலே அக்சலோட்டல் இரவை எதிர்பார்த்துக் கிடக்கின்றது. இரண்டுக்கும் வேண்டுவது ஒன்றே: தத்தமக்குரிய நீரும், அந்நீரிலே கலைக்கப்படாத அமைதியும். அவ்வமைதியைக் குலைக்கும் வல்லமை மனிதன் கையில் உள்ளது. காக்கும் வல்லமையும் அக்கையிலேயே உள்ளது.